நாலாம் நம்பர் எண்ணெய்

கஸ்னா ஈரப் பஞ்சால் கணவரின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோது வெளியே லாரி மேடேறி வரும் சத்தம் கேட்டது. முற்றத்துக்குள் திரும்ப வேண்டுமென்றால் வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை. இரும்பை இரும்பு கடிப்பது போல ஒரு சத்தம். சற்று ஓய்ந்து, மறுபடியும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிலில் கிடந்த முத்லக்கின் கண்கள் திறந்தன.

வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அந்தக் கண்கள் எதற்கும் திறக்கவில்லை. கஸ்னா பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திறக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து விடாமல் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்த அவருடைய அக்கா நுவைரின் குரலுக்கும் திறக்கவில்லை. இப்போது கூரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். கஸ்னா காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"என்ன எண்ணெய்," என்றார்.

நுவைர் ஓதுவதை நிறுத்தினாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். "எண்ணெய் கேக்குறான், பாவம். காலெல்லாம் வறண்டு கிடக்குல்ல," என்று எழுந்து அடுக்களைக்குப் போய் ஆலிவ் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வந்தாள். கால்மாட்டில் அமர்ந்து பாதங்களில் தேய்க்கத் தொடங்கினாள். முத்லக் பாதத்தை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

கஸ்னாவுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் தங்கள் மலையூரான தஃபீலாவிலிருந்து கீழே கோர் பள்ளத்தாக்குக்குத் தக்காளி ஏற்றப் போகும்போதெல்லாம் அவளும் அந்த வண்டியில் போயிருக்கிறாள். சாக்கடல் மட்டம் வரைக்கும் இறங்குகிற சாலை. வளைவுக்கு வளைவு அவர் கியர் மாற்றுவது அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும். ஒருநாளும் இப்படி வண்டி கத்தியதில்லை.

அவள் முற்றத்துக்குப் போனாள். மகன் ராகான் வண்டியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். வாப்பா படுத்ததிலிருந்து அவன்தான் ஓட்டுகிறான். மூக்கு நீண்ட அந்தப் பழைய லாரிக்கு அவனைவிட வயது அதிகம்.

"என்ன எண்ணெய் ஊத்தினே, ராகான்?"

அவன் அம்மாவை விசித்திரமாகப் பார்த்தான். "எதுக்கு?"

"கியர் பெட்டிக்கு."

"போன வாரம் மாத்தினேன், உம்மா. ரெண்டாவது கியர் விழ மாட்டேன்னுச்சு. கடையில போய் நல்ல எண்ணெயா கேட்டேன். வாப்பா ஊத்துறது நாலாம் நம்பர். அவன் அஞ்சாம் நம்பரை எடுத்துக் குடுத்தான். புதுசா வந்தது, பெரிய வண்டிக்குன்னே வர்றது, நாலை விட அஞ்சு ஒசத்தி தானேன்னான். ஊத்தினப்புறம் இன்னும் மோசம்."

"வாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படிக் கேக்குறது? மூச்சு விடவே முடியாம கிடக்குறார். கியர் எண்ணெய் எதுன்னு கேட்டா அத்தை என்னைச் செருப்பால அடிப்பாங்க."

"இப்ப அவரே கேக்குறார். வா."

ராகான் கட்டிலருகே மண்டியிட்டான். சிறுவயதில் தப்புச் செய்துவிட்டு நிற்கும்போது இருந்த அதே முகம். "வாப்பா, அஞ்சாம் நம்பர் ஊத்திட்டேன்," என்றான்.

முத்லக்கின் நெற்றி சுருங்கியது. வெகு நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "பித்தளை," என்றார். பிறகு, "தின்னுரும்."

வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் மகன் முன்னால் விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் மடங்கியது. அடுத்தது மடங்கியது. நடுவிரலும் தளர்ந்து விழ, ஆட்காட்டி விரல் மட்டும் சற்று நேரம் நின்றது.

எண்ணெய்க் கையோடு நிமிர்ந்த நுவைர் அந்த ஒற்றை விரலைத்தான் பார்த்தாள்.

"அல்லாஹ்வே," என்றாள். "விரலைத் தூக்கிட்டான், அல்லாஹ் ஒருத்தன்னு. கலிமா சொல்றான். என் தம்பி கலிமா சொல்றான்." பாதங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். துக்க அழுகை இல்லை அது. இத்தனை நாள் எதற்காக ஓதினாளோ அது கிடைத்துவிட்ட அழுகை.

கஸ்னா ராகானைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

கை விழுந்தது. கண்களும் மூடிக்கொண்டன.

"நான் இப்பவே அந்த எண்ணெயை எடுத்துடுறேன், உம்மா," என்றான் ராகான் வாசலில். "அவர் மறுபடி முழிச்சா எடுத்துட்டேன்னு சொல்லணும்." பாயை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தான்.

அவர் மறுபடி விழிக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரும் என்று கஸ்னா காத்திருந்தாள். நுவைர் குனிந்து பார்த்துவிட்டு, தம்பியின் கண் இமைகளை விரலால் நீவி, தாடையைத் துணியால் கட்டத் தொடங்கியபோதுதான் அது இனி வராது என்று தெரிந்தது.

"போய்ப் பிள்ளைகிட்ட சொல்லு," என்றாள் நுவைர்.

கஸ்னா அடுக்களை ஜன்னலுக்குப் போனாள். லாரிக்கு அடியிலிருந்து ராகானின் இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நட்டைத் திருகும் சத்தம். பிறகு தகரத் தட்டில் எண்ணெய் கொட்டும் சத்தம். கூப்பிட வாயெடுத்தாள். வெளியே வரும் வரைக்கும் அவனுக்கு வாப்பா இருக்கிறார் என்று தோன்றியது. எண்ணெய் சொட்டுச் சொட்டாகி நிற்கும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் தட்டை வெளியே இழுத்து வெயிலில் வைத்தான். "உம்மா, இங்க பாரு," என்றான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். கறுத்த எண்ணெயில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக எதுவோ மின்னியது. கலக்கினால் சுழன்று சுழன்று மின்னியது. "எல்லாம் பித்தளை." பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

வாப்பாவைக் குளிப்பாட்டுகிறவர்களில் மகனும் இருக்க வேண்டும். அந்த எண்ணெய் அழுகிய முட்டை போல நாறும். ராகான் சோப்புப் போட்டான், எலுமிச்சையைத் தேய்த்தான், மண்ணை அள்ளித் தேய்த்தான். நாற்றம் போகவில்லை. சித்தப்பா ஃபய்யாத் வந்து, "போதும்டா, தோல் உரிஞ்சிடும். அவர் மூக்குக்கு அது ஒண்ணும் புதுசில்ல," என்று தோளைப் பிடித்து அழைத்துப் போனார். பொழுது சாயுமுன் அடக்கம் முடிந்தது.

துக்கம் கேட்க வந்த ஆண்கள் தெருவில் போட்ட கூடாரத்தில் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வந்த ஒவ்வொருத்தியிடமும் நுவைர் சொன்னாள்: "விரலைத் தூக்கினான். நான் என் கண்ணால பார்த்தேன். யாருக்குக் கிடைக்கும் அந்த மாதிரி மவுத்து?" பெண்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். சிலர் அழுதார்கள். கஸ்னாவின் கையைப் பற்றி, நீ கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவள் தலையசைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் அபூ ஷாஹிர் வந்தார். முத்லக்கின் பழைய சிநேகிதர். கூடாரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு, பழக்கம் விடாமல் முற்றத்துக்கு வந்து, தட்டிலிருந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஃபய்யாத்தும் ராகானும் கூட நின்றார்கள். அடுக்களை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. உள்ளே கஸ்னா அண்டைவீட்டார் கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதானே மாமா?" என்று ராகான் கேட்பது கேட்டது.

"அஞ்சாம் நம்பர்ல காரம் அதிகம். பின்னாடி அச்சுல இருக்கிற கிரவுன் பல்சக்கரத்துக்கு அது சரி. பழைய கியர் பெட்டியில பித்தளை வளையம் இருக்கு, அதை அரிக்கும். ஆனா ஒரு வாரத்துல இவ்வளவு அரிக்காதுடா. இது எப்பவோ தேஞ்சு போனது. உங்க வாப்பா கால் சாமர்த்தியத்துல ஓட்டிக்கிட்டிருந்தார். கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, நடுவுல ஆக்சிலேட்டரைத் தொட்டு, சத்தம் கேக்காம செருகுவார். இந்தக் கியர் பெட்டி பாதி அவர் காலுல இருந்துச்சு."

"புது வளையம் போட்டா?"

"எங்க கிடைக்கும்? இந்த மாடலையெல்லாம் வெட்டி எடைக்குப் போட்டு வருஷமாச்சு."

"அப்ப என்னதான் ஊத்துறது?" என்றார் ஃபய்யாத்.

அபூ ஷாஹிர் விரலைக் கந்தலில் துடைத்தார். "நாலாம் நம்பர் ஊத்தினா மிச்சமிருக்கிறது கொஞ்ச நாள் தாங்கும். ஆனா கத்தும். கத்துறதைக் கேட்டு, பயந்து பயந்து ஓட்டணும். இன்னொண்ணு இருக்கு. நூத்தி நாப்பது. தேன் மாதிரி கெட்டி. ஊத்தி வண்டியைச் சூடு பண்ணினா சத்தம் அடங்கிரும். கியர் வெண்ணெய் மாதிரி விழும். சில வாரம். அப்புறம் ஒரு நாள் இறக்கத்துல கியர் வெளிய வரும், உள்ள போகாது. வெறும் பிரேக்குல லோடு வண்டி நிக்காது." கந்தலைத் தட்டின் ஓரத்தில் போட்டார். "அது விக்கிறவங்க ஊத்துற எண்ணெய்."

அன்று சாயங்காலமே ஃபய்யாத் ஒரு டப்பாவோடு வந்தார். கஸ்னா வாசலில் வழிமறித்தாள். டப்பாவில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்தாள். நூற்று நாற்பது.

"அண்ணி, நான் ஒளிக்கல," என்றார் அவர். கண் சிவந்திருந்தது. "அண்ணனைப் புதைச்ச கையோட அவன் மகனையும் புதைக்க என்னால முடியாது. இந்தப் பிள்ளைக்கு அந்தக் கால் இல்ல. அந்த ரோட்டுல இந்தப் பெட்டியை வச்சுக்கிட்டு எத்தனை நாள் இறங்குவான்? வித்துட்டா ஏதாவது ஒரு கடை கிடை வச்சுப் பொழைச்சுப்பான்."

"வாங்குறவன்?"

"கோர்ல தக்காளி போடுறவங்க. அங்க சமதரைதானே."

"தக்காளி மேல வந்துதானே ஆகணும், ஃபய்யாத்."

அவர் டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். கஸ்னா வழியை விட்டு விலகினாள். விலகியது ஏன் என்று அவளுக்குத் தெரியும். ராகான் பாயை விரித்துப் படுத்து, சித்தப்பா ஊற்றச் சொன்னதை ஊற்றினான். எண்ணெய் கெட்டியாக, மெதுவாக இறங்கியது.

மூன்றாம் நாள் வாங்க வந்தவர் அபூ ஸுவைலிம். வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதர். நல்ல அங்கியை உடுத்தி வந்திருந்தார். துக்க வீட்டில் வியாபாரம் பேசக் கூச்சப்பட்டு முதலில் கூடாரத்தில் வெகுநேரம் அமர்ந்தார். பிறகு ஃபய்யாத் அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தார். வண்டி முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றப்பட்டிருந்தது. அபூ ஸுவைலிம் ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. இறங்கும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொள்வது ஜன்னலிலிருந்து தெரிந்தது. மரணவீட்டில் சந்தோஷப்படக் கூடாதே என்று அடக்குகிற சிரிப்பு.

அடுக்களையில் நுவைர் கடைசி நாள் விருந்துக்கு ஆட்டிறைச்சி வேகும் தயிர்க் குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். கஸ்னா பக்கத்தில் ரொட்டிகளைக் கிழித்துத் தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். அபூ ஸுவைலிம் ஜன்னலுக்கு வந்தார். கணவன் இறந்தபின் இத்தா என்ற துக்கக் காலத்தில் இருப்பவளை நேராகப் பார்க்காமல், முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, மரியாதைக்கு அவளையும் முத்லக்கையும் மகன் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பேசினார்.

"உம் ராகான், அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். அபூ ராகான் ஒரு தடவை என் வண்டி நடுரோட்டுல நின்னப்போ, யாரு எவருன்னு கேக்காம கயித்தைக் கட்டி மேல இழுத்துட்டு வந்தார். ஒரு டீ கூட வாங்கிக்கல. அவர் வண்டின்னு சொன்னதும் நான் யோசிக்கவே இல்ல. நானும் தம்பியும் சேர்ந்து வாங்குறோம். அவன்தான் ஓட்டுவான். இப்பத்தான் கல்யாணம் ஆச்சு." சற்றுத் தயங்கினார். "அவர் வாயால இந்த வண்டியில ஏதாவது கொறை சொன்னதுண்டா? வேற யாரு சொன்னாலும் எனக்கு வேணாம். நீங்க இல்லன்னு சொன்னா போதும்."

அவருக்குப் பின்னால் ஃபய்யாத் நின்றார். கஸ்னாவையே பார்த்தார். அவர் முகத்தில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ராகான் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரொட்டித் துண்டு கஸ்னாவின் கையில் இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரே சொல் போதும். சொல்ல வேண்டும் என்றுதான் ஆசையும். அவள் மகன் பிழைப்பான். அந்தத் தம்பியின் புது மனைவி யாரோ ஒருத்தி, அவள் முகம் கூடத் தெரியாது.

"அவர் கடைசியா பேசினதே அதைப் பத்தித்தான்," என்றாள்.

துழாவும் கரண்டி நின்றது.

"கியர் பெட்டி போயிடுச்சு. தப்பான எண்ணெய் ஊத்தியிருக்கு, பித்தளையைத் தின்னுரும்னு சொன்னார். நாலாம் நம்பர் ஊத்துன்னு நாலு விரலைக் காட்டினார். இப்ப உள்ள இருக்கிறது சத்தத்தை மறைக்கிற எண்ணெய். உங்க தம்பியை இந்த வண்டியில ஏத்தாதீங்க."

அபூ ஸுவைலிம் ஃபய்யாத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்று ஜன்னலிடம் சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனார்.

ஃபய்யாத் ஜன்னலருகே வந்தார். திட்டப்போகிறார் என்று கஸ்னா நினைத்தாள். "நான் என்னால ஆனதைப் பண்ணிட்டேன், அண்ணி," என்றார். "இனி அவன் இறங்குறப்பல்லாம் நீங்கதான் காத்துக் கிடக்கணும்." அவரும் போய்விட்டார்.

நுவைர் கரண்டியை வைத்தாள். குழம்பு திரிய ஆரம்பித்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"அப்ப அவன் கலிமா சொல்லலையா?"

"எனக்குத் தெரியல, மதினி."

"விரலைத் தூக்கினானே."

"நாலைத் தூக்கினார். மூணு விழுந்துச்சு. மிச்சமிருந்த ஒண்ணு எதுக்குன்னு அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்."

"மூணு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டேன்," என்றாள் நுவைர். "பக்கத்துல உக்காந்துக்கிட்டுத் தலைய ஆட்டினே." அடுப்பை அணைத்துவிட்டு, தம்பி படுத்திருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருந்து பரிமாறப்பட்டது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். குழம்பில் திரிதல் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் கூடாரத்தை அவிழ்க்கிற சத்தத்தோடு சேர்த்து ராகான் கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு நாலாம் நம்பரை ஊற்றினான். அபூ ஷாஹிர் கொடுத்தனுப்பியிருந்தார்.

"போகாம இருந்தா என்ன?" என்று கஸ்னா கேட்டாள்.

"நாளைக்கும் போகலன்னா நம்ம லோடை வேற வண்டிக்குக் குடுத்துருவாங்க, உம்மா. மெதுவா போறேன். மேலேயே ரெண்டாவது கியரைப் போட்டுட்டு, மாத்தாமலே இறங்கிடுறேன்."

"வாப்பா ரெண்டு தடவை மிதிப்பார்."

"தெரியும். வரல எனக்கு."

விடிந்ததும் அவன் கிளம்பினான். கஸ்னா மொட்டைமாடிக்கு ஏறினாள். மேற்கே மலை சட்டென்று முடிந்து, அதற்கப்பால் பள்ளத்தாக்கு முழுக்கப் புழுதி வெளிச்சம். கீழே எங்கோ சாக்கடல். சாலை ஊரைத் தாண்டி, கடைசி வீட்டுக்குப் பிறகு முதல் வளைவில் மறைகிறது. அதுவரைதான் பார்க்க முடியும்.

பின்னால் காலடிச் சத்தம். நுவைர் தம்பியின் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். வெயில் படும்படி கைப்பிடிச் சுவரில் அதை விரித்தாள். கஸ்னாவிடம் பேசவில்லை. கீழேயும் போகவில்லை. மெத்தையின் அந்தப் பக்கம் நின்றாள்.

லாரி வளைவுக்கு முன்னால் நின்றது. பின்னால் ஒரு பிரேக் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. இன்னொன்று வெகுநாளாகவே எரிவதில்லை. அரைக்கும் சத்தம் காற்றில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. சாலையோரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன ஒருவன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அது அணைந்தது; வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.